இளவரசரின் மூக்கு

பேரரசர் இளவரசரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கொஞ்சிக்கொண்டிருந்தார்.

அரியணை மண்டபத்தில் மந்திரிகள் வரிசை வரிசையாக மண்டியிட்டிருந்தார்கள். பட்டத்தரசி கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டாள். ஒரு மூலையிலிருந்து புகை இயந்திரம் தெய்விகமான புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. "என் நெற்றி! என் மூக்கு! இவன் என் ரத்தம்!" என்று தழுதழுத்த பேரரசர், மஞ்சள் பட்டுச் சுருளின் கால் பக்கத்தில் அழுத்தமாக ஒரு முத்தம் வைத்தார்.

டிங் என்று மணி அடித்தது.

இயக்குநர் கோங் தாஷான் கண்ணை மூடிக்கொண்டார். அந்த மணிச் சத்தம் கேட்டாலே அவருக்கு இடது கன்னம் துடிக்கும்.

"இப்ப என்ன வாத்தியாரே?"

மணியைக் கையில் வைத்திருந்த ஷெங் வெய்லின் பணிவாக முன்னே வந்தான். "இளவரசர் தலைகீழா இருக்கார்."

பேரரசர் தன் கையிலிருந்த சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் குளியல் துண்டுதான் தெரியுது. இதுல தலை எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரிய வேண்டாம் சார். பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்சிடும். சிரிப்பாங்க."

'பார்க்கிறவங்க சிரிப்பாங்க' என்பது ஷெங் வெய்லினின் வாயில் ஒட்டிக்கொண்ட வாக்கியம். அவனை அந்த வேலைக்கு வைத்ததே அதைச் சொல்வதற்காகத்தான். போன வருடம் இதே கம்பெனி எடுத்த தொடரில், ஹான் காலத்துப் படைத்தளபதி ஒருவர் போருக்கு முந்தின இரவு உருளைக்கிழங்கை மிளகாயில் புரட்டி ரசித்துச் சாப்பிட்டுவிட்டார். அந்த இரண்டும் கடல் கடந்து வர இன்னும் ஆயிரத்து சொச்சம் வருடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? பார்க்கிறவர்கள் எழுதி எழுதித் திரையில் பறக்கவிட்ட கருத்துகள் தளபதியின் முகத்தையே மறைத்துவிட்டன. 'தளபதிக்குக் கூரியரில் வந்ததா?' என்று ஒருவர். 'குதிரைக்குச் சிப்ஸ் கிடையாதா?' என்று இன்னொருவர். கம்பெனி அவமானத்தில் குன்றிப்போய், கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்த ஷெங்கைப் பிடித்துவந்து, நம்ப முடியாத எதைக் கண்டாலும் அடிக்கச் சொல்லி ஒரு பித்தளை மணியையும் கொடுத்தது.

ஷெங் கெட்டவன் இல்லை. அவனுக்கு எதையும் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியாது, அவ்வளவுதான். வெள்ளி ஊசி விஷத்தில் கறுக்கும் என்று கதையில் வந்ததும், ஒரு வெள்ளி ஊசியோடு படப்பிடிப்புக் கேன்டீனில் ஒவ்வொரு தட்டாகக் குத்திக்கொண்டு போனான். பதப்படுத்திய முட்டையில் ஊசி கரேலென்று ஆகிவிட்டது. அது முட்டையில் உள்ள கந்தகத்தின் வேலை என்று அவன் எவ்வளவு விளக்கியும், பேரரசராக நடிப்பவர் அன்றிலிருந்து கேன்டீன் பக்கமே தலைவைப்பதில்லை. வீட்டிலிருந்து டப்பா வருகிறது.

"சரி, நிமிர்த்திப் பிடிங்க. மறுபடி எடுக்கலாம்" என்றார் கோங்.

"அது மட்டும் இல்ல சார்" என்றான் ஷெங். "இந்தக் காட்சியே நிக்காது."

மண்டபத்தில் ஒரு முனகல் எழுந்தது. முழங்கால் வலியோடு மந்திரிகள் போட்ட முனகல் அது.

அரியணைப் படியில் உட்கார்ந்து செவ்வந்திப்பூ ஊறிய வெந்நீரைக் குடித்துக்கொண்டிருந்த ஹே ஷுலான் மெல்லக் குடுவையை மூடினாள். 'பத்தாம் வாயிலில் பனி' என்ற இந்தத் தொடரை எழுதுகிறவள் அவள்தான். அவள் கதையைப் பார்த்து அழாத வீடு அந்த மாகாணத்தில் கிடையாது. அழவைக்கும் பெண்மணிக்கு வாய் மட்டும் கத்தரிக்கோல்.

"எந்தக் கால் இல்லாம நிக்கலை?" என்று கேட்டாள்.

"மேடம், நேத்து இந்தப் பேரரசர் தன் பிள்ளையைக் கையில வச்சிருந்தார். ராத்திரி பட்டத்தரசி அதை எடுத்துட்டு வேலைக்காரி பிள்ளையை வச்சிடுறா. இன்னைக்கு இவர் அந்தப் பிள்ளையைத் தூக்கி, என் மூக்குன்னு கொஞ்சுறார். பெத்த தகப்பனுக்கு வித்தியாசம் தெரியாதா?"

"தெரியாது."

"எப்படித் தெரியாம இருக்கும்?"

"கைக்குழந்தைங்க எல்லாம் ஆவியில வெந்த பன்னு மாதிரி ஒரே அச்சு. அம்மாவுக்குத்தான் தெரியும். அப்பனுக்கு அது பேச ஆரம்பிச்சாத்தான் அடையாளம் தெரியும்."

"நானும் ஒரு அப்பன்தான் மேடம்!"

"அதான் சொல்றேன்."

மந்திரிகள் சிரித்தார்கள். ஷெங்கின் காது சிவந்தது. அவனுக்கு முதல் பிள்ளை பிறந்து மாதம் ஒன்றைத் தாண்டி இருந்தது. பிள்ளை பிறந்தபோது போய்ப் பார்த்துவிட்டு வந்தவன்தான். ஜின்ஹுவாவில் இருக்கும் வீட்டுக்கு அதன்பிறகு போக முடியவில்லை. மாதம் நிறைந்து தலைமுடி இறக்கிய விருந்தன்று இங்கே ஒரு போர்க்களத்தில் ஈட்டிகளின் நீளத்தை அளந்துகொண்டிருந்தான். விருந்துக்குச் சாயம் பூசிய சிவப்பு முட்டைகள் மட்டும் கூடை கூடையாகப் படப்பிடிப்புக்கு வந்து சேர்ந்தன. இதே மந்திரிகள்தான் தின்று தீர்த்தார்கள். அந்தக் குற்ற உணர்ச்சி அவனுக்குள் முள்ளாக இருந்ததால், ஷுலானின் பேச்சு சரியாக அந்த இடத்தில் போய்த் தைத்தது.

"டைரக்டர், இந்தக் காட்சி போனா எழுதின கதையில பாதி போயிடும்" என்றாள் ஷுலான். "பிள்ளை மாறலைன்னா அப்புறம் யார் யாரைப் பழிவாங்குறது? எல்லாரும் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டியதுதான்."

"காட்சி இருந்தா என் பேரை எடுத்துடுங்க" என்றான் ஷெங். "போன வருஷம் உருளைக்கிழங்கு. இந்த வருஷம் இது. கம்பெனி தாங்காது."

கோங் இருவரையும் பார்த்தார். அவருக்கு இரண்டு பக்கமும் பயம். "சண்டை வேண்டாம். துண்டைச் சுருட்டி வச்சதாலதான் வாத்தியாருக்கு நம்பிக்கை வரலை. நல்ல பொம்மை ஒண்ணு கொண்டுவாங்க. முகம் தெரிஞ்சா நம்பிக்கை தானா வரும்."

பொம்மை வாங்கும் பொறுப்பை ஷெங்கே எடுத்துக்கொண்டான். கடைவீதியில் நாலு கடை ஏறி இறங்கி, தோல் சுருக்கம் வரைக்கும் அச்சாக இருக்கும் ஒரு சிலிக்கோன் பொம்மையைத் தேர்ந்தெடுத்தான்.

காமிரா ஓடியது. மண்டபம் நிசப்தமானது. பேரரசர் பொம்மையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தார்.

"அம்மா, எனக்குப் பசிக்குது! வா, நாம பாட்டுப் பாடலாம்!" என்றது இளவரசர்.

பிறகு பாடவும் செய்தது. கைதட்டும் தாளத்தோடு, இரண்டு சரணம். மூத்த மந்திரி ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். அவர் தொப்பியில் கம்புபோல் நீண்டிருந்த சிறகு அடுத்தவர் கண்ணில் குத்தியது.

ஷெங் ஓடிப்போய் முதுகைத் திறந்து பாட்டரியைக் கழற்றினான். அதோடு சனி விட்டது என்று நினைத்தான். பாட்டரி போனதும் பொம்மையின் ஒரு பக்க இமை தொங்கிவிட்டது. அடுத்த முறை எடுத்தபோது பேரரசர் தோளில் சாய்ந்திருந்த இளவரசர், பின்னால் நின்ற பட்டத்தரசியைப் பார்த்துக் கண்ணடித்தார். பட்டத்தரசி விழுந்து விழுந்து சிரித்ததில் முகப்பூச்சு வெடித்து, அதைச் சரிசெய்யவே மதியம் ஆகிவிட்டது.

"நிஜக் குழந்தைதான் சரி" என்றான் ஷெங்.

"நீதான் சொல்ற" என்றார் கோங்.

படப்பிடிப்பையே பிழைப்பாகக் கொண்ட அந்த ஊரில் எதற்கும் தரகர் உண்டு. குதிரை வேண்டுமா, கிழவர்கள் வேண்டுமா, சாகிறவர்கள் வேண்டுமா, ஒரு போன் போதும். குழந்தைத் தரகர் மாலைக்குள் ஒரு பிள்ளையை அனுப்பிவைத்தார். அது சொந்தமாக உட்கார்ந்தது. எதிரில் இருந்தவர்களை முறைத்தது. பேரரசர் அதைத் தூக்கும்போது "ஐயோ இடுப்பு" என்றார். தூக்கிய மறுகணம் அது இரண்டு கைகளாலும் அவருடைய தாடியைப் பிடித்து, ஒவ்வொரு முடியாகக் காலையில் ஒட்டிய தாடியை, ஒரே இழுப்பில் பெயர்த்து எடுத்துவிட்டது. வலியில் பேரரசர் வாயைத் திறந்து கத்த, அதுவும் வாயைத் திறந்து கத்தியது. உள்ளே பளபளவென்று இரண்டு பல்.

டிங்.

"பிறந்து மூணு நாளான பிள்ளைக்குப் பல்லா?" என்றான் ஷெங். "பார்க்கிறவங்க..."

"சிரிப்பாங்க! தெரியும்!" கோங் வசன நோட்டைத் தரையில் அறைந்தார். "வேலை முடிச்சு வீட்டுக்கு வந்து, கையில நூடுல்ஸ் கிண்ணத்தோட உட்கார்ந்து, ஒரு மூச்சு அழுதுட்டுத் தூங்கலாம்னு பார்க்கிறவங்கய்யா அவங்க. பரீட்சை எழுத வரலை. நீதான் அவங்களைப் பரீட்சைக்கு உட்கார வைக்கிற. துண்டு வேண்டாம், பொம்மை வேண்டாம், பல்லு வேண்டாம். அப்ப நீயே கொண்டுவா. போன வாரம் சிவப்பு முட்டை கொடுத்தியே, அந்த முட்டைக்குச் சொந்தக்காரன் எங்க இருக்கான்?"

மண்டபம் முழுவதும் ஷெங்கைத் திரும்பிப் பார்த்தது. முட்டை தின்ற அத்தனை பேரும்.

ஷெங் தூணுக்குப் பின்னால் போய் மனைவிக்குப் போன் செய்தான். நிங்யு முதல் வாக்கியம் முடிவதற்குள்ளேயே "முடியாது" என்றாள்.

"ரெண்டு மணி நேரம்தான்..."

"நூறு நாள் ஆகாம பிள்ளையை வாசல் தாண்டி எடுத்துட்டுப் போகக் கூடாது. காத்து படும்."

"அது மூடநம்பிக்கை நிங்யு."

"அட்டையில அரண்மனை கட்டி, ஒட்டுத் தாடி வச்சுக்கிட்டு நீங்க எல்லாம் பண்றது மட்டும் விஞ்ஞானமா? வெய்லின், முடி இறக்கின அன்னைக்கு நாவிதர் பிள்ளையோட அப்பா எங்கன்னு கேட்டார். ஹான் காலத்துல இருக்கார்னு சொன்னேன்."

"இது சோங் காலம்..."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஒரு யோசனை தோன்றி, அது தப்பான யோசனை என்றும் தோன்றி, அதற்குள் கை அடுத்த எண்ணை அழுத்திவிட்டது. ஃபாங் அக்கா எடுத்தார். பிரசவத்துக்குப் பின் தாய்க்கும் பிள்ளைக்கும் துணையாக இருக்க வீட்டில் வைத்திருந்த அம்மாள். எந்தப் பிள்ளையையும் ஒரு கையில் தூங்கவைத்துக்கொண்டு மறு கையால் சூரியகாந்தி விதை கொறிக்கக் கூடியவர்.

"சீக்கிரம் சொல்லுங்க தம்பி. கீழ் மாடி ஹௌ வீட்டுப் பிள்ளையையும் நான்தான் குளிப்பாட்டணும். அந்தம்மா உங்க ஷுலான் மேடம் கதையைப் போட்டுட்டு உட்கார்ந்தா, பிள்ளை அழுறது கூடக் காதுல விழாது."

ஷெங் விஷயத்தைச் சொன்னான். எதிர்முனையில் விதை கொறிக்கும் சத்தம் நின்றது.

"நிங்யு வேண்டாம்னு சொல்லிட்டாளே தம்பி."

"அவகிட்ட சொல்லாதீங்க. வெயில் காட்டப் போறேன்னு சொல்லுங்க. என் மானமே போகப்போகுது அக்கா. இங்க எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க."

ஃபாங் அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். சம்பளம் கொடுப்பது ஒருவர், அதிகாரம் பண்ணுவது இன்னொருவர் என்று இருக்கும் வீடுகளில் காலம் தள்ளிய அனுபவம் அந்த யோசனையில் இருந்தது.

"உங்களுக்கு ஒரு குழந்தை வேணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் அக்கா!"

"காலையில வந்துடறேன்."

சொன்னபடியே காலையில் கார் வந்து நின்றது. ஃபாங் அக்கா இறங்கினார். கையில் கம்பளிக்குள் சுற்றிய பொட்டலம். ஷெங் ஓடிப்போய்த் துணியை விலக்கிப் பார்த்தான். மழித்த குட்டித் தலை, மூடிய கண்கள், சப்புக்கொட்டும் உதடுகள். இத்தனை நாளும் போன் திரையில் பாதி நெற்றியையும் நிங்யுவின் கட்டைவிரலையும் பார்த்துப் பார்த்து அலுத்திருந்தவன். இப்போது கையில் சுடச்சுடக் கனக்கிறது, மூச்சு விடுகிறது.

"வேர்க்கடலை! என் வேர்க்கடலை!" வீட்டில் பிள்ளைக்கு வைத்திருந்த செல்லப்பெயர் அது. "அக்கா, காது மட்டும் கொஞ்சம் விரிஞ்சு தெரியுதே?"

"முடி எடுத்துட்டா எல்லாருக்கும் காது தெரியத்தான் செய்யும் தம்பி."

"நிறமும் கொஞ்சம் கூடியிருக்கு."

"குழந்தைங்க நாளுக்கு ஒரு நிறம்."

"ஆனா மூக்கைப் பாருங்க. இந்த நுனி! அப்படியே என் மூக்கு!"

ஃபாங் அக்கா பிள்ளையின் மூக்கைப் பார்த்தார், அவன் மூக்கைப் பார்த்தார், எதையோ சொல்ல வாயெடுத்து ஒரு விதையைப் போட்டு மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஷெங்கின் போன் சிணுங்கியது. நிங்யு ஒரு படம் அனுப்பியிருந்தாள். கட்டிலில் கைகளை மேலே தூக்கியபடி பிள்ளை தூங்குகிறது. 'உன் மகன் இப்பத்தான் கண்ணசந்தான். நேத்து நான் கத்தினதுக்குக் கோபமா?' என்று கீழே எழுதியிருந்தது.

ஷெங் முதலில் திகைத்தான். அப்புறம் அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளையை வெயில் காட்ட வெளியே அனுப்பியது எனக்குத் தெரிந்தால் நூறு நாள் கணக்கை நான் திருப்பிக் கேட்பேன் என்று பயந்து, பழைய படத்தை அனுப்பிச் சமாளிக்கிறாள்! என்னிடமேவா நாடகம்? ஒரு காட்சியில் எது நம்பும்படி இருக்கிறது, எது இல்லை என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு? 'நல்லா தூங்கட்டும்' என்று பதில் போட்டுவிட்டு, தன் சாமர்த்தியத்தை எண்ணி விசிலடித்துக்கொண்டே மண்டபத்துக்குள் போனான்.

உள்ளே புதுச் சிக்கல் காத்திருந்தது. பிள்ளை மாறும் காட்சிக்கு ஒரு பிள்ளை போதாது, இரண்டு வேண்டும். பல்லில்லாத இன்னொன்றைத் தரகர் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டுவந்திருந்தார். அதற்கும் தலை மழித்திருந்தது. ஒப்பனைக்காரர்கள் இரண்டு பிள்ளைகளின் முகத்திலும் புதிதாகப் பிறந்த சிவப்பு வர இளஞ்சாயம் தடவி, இரண்டையும் ஒரே மஞ்சள் பட்டில் சுற்றி, ஒரே தொட்டிலில் அருகருகே படுக்கவைத்திருந்தார்கள்.

ஷெங் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். கதையில் நடக்கிறது நிஜத்தில் நடந்து தொலைத்தால்? சாயங்காலம் யாரோ ஒருவருடைய பிள்ளையை நிங்யுவிடம் கொண்டுபோய்க் கொடுத்தால்? அவள் முகத்தை நினைத்ததுமே வியர்த்தது. ஆடைப்பிரிவிலிருந்து ஒரு சிவப்பு நூலைக் கேட்டு வாங்கி, தன் பிள்ளையின் காலில் யாருக்கும் தெரியாமல் கட்டினான்.

கட்டிவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், இரண்டு பிள்ளைகளின் காலிலும் சிவப்பு நூல்.

"யார் இதைக் கட்டினது?" என்று அலறினான்.

"நான்தான்" என்றாள் ஆடைப்பிரிவுப் பெண், பெருமையாக. "ஒண்ணுக்கு நூல் இருந்து இன்னொண்ணுக்கு இல்லைன்னா, பார்க்கிறவங்க சிரிப்பாங்கன்னு நீங்கதானே வாத்தியாரே சொல்லுவீங்க?"

அவன் தொட்டிலுக்குப் பாய்வதற்குள் இரண்டு பிள்ளைகளும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக அழ ஆரம்பித்தன. யாரோ இரண்டு பேர் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் ஓடினார்கள். பால் கொடுத்தார்கள், துடைத்தார்கள், மறுபடி சாயம் பூசினார்கள், திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். எது எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டதற்கு இருவரும் இரண்டு பதில் சொன்னார்கள்.

ஹே ஷுலான் இதையெல்லாம் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போது எழுந்து வந்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"வாத்தியாரே, பெத்த தகப்பன். எங்க, உங்க பிள்ளையை எடுங்க பார்ப்போம்."

"என்ன விளையாட்டு இது?"

"நீங்கதானே எதையும் சோதிச்சுப் பார்க்கணும்பீங்க? சரியா எடுத்துட்டீங்கன்னா, அந்தக் காட்சியை நானே கிழிச்சுப் போடறேன். மீதிக் கதையைப் புதுசா எழுதறேன். தப்பா எடுத்தீங்கன்னா, காட்சி இருக்கும். அந்த மணி எனக்கு."

"சபாஷ்!" என்றார் பேரரசர்.

செய்தி வெளியே போய், விளக்குப் பிடிக்கிறவர்கள், குதிரைக்காரர்கள், பக்கத்து மண்டபத்தில் மிங் காலம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வந்து கூடிவிட்டார்கள். படப்பிடிப்பின் வேடிக்கைகளை எடுக்கிற பையன்களில் ஒருவன் ஷெங்கின் போனை வாங்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தான். பித்தளை மணி அரியணைப் படியில் வைக்கப்பட்டது.

ஷெங் தொட்டிலின் முன் நின்றான். இரண்டு சிவந்த முகங்கள். இரண்டு மழித்த தலைகள். இரண்டு சப்புக்கொட்டல். ஆவியில் வெந்த பன்னு என்று அவள் சொன்னது எவ்வளவு பொருத்தம் என்று அந்த நேரத்தில் தோன்றித் தொலைத்தது. வேலை போனால் கல்லூரிக்குத் திரும்பிப் போகலாம். சொந்தப் பிள்ளையைத் தெரியாத தகப்பன் என்ற பெயர் வந்தால் எங்கே போவது? அவனுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. விருந்துக்குப் போயிருக்கலாம். ஈட்டியின் நீளம் ஒரு சாண் கூடியிருந்தால்தான் என்ன, யார் செத்துப்போவார்கள்?

அப்போது வலது பக்கத்துப் பிள்ளை கொட்டாவி விட்டது. பட்டுத்துணி நழுவியது. பக்கவாட்டில் விரிந்த இரண்டு காதுகள்!

"இது!" ஷெங் பாய்ந்து வாரியெடுத்தான். "இதுதான் என் பிள்ளை! இந்தக் காது! இந்த மூக்கு! என் ரத்தம்!"

பேரரசரின் வசனத்தை அப்படியே சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

"சாட்சி வேணும்" என்றாள் ஷுலான். "அந்த அம்மாவைக் கூப்பிடுங்க."

தூணோரம் உட்கார்ந்திருந்த ஃபாங் அக்கா மடியிலிருந்த விதைத் தோலைத் தட்டிவிட்டு வந்தார். பிள்ளையைப் புரட்டிப் பார்த்தார். பின்னங்கழுத்தை முகர்ந்து பார்த்தார்.

"நீங்க கொண்டுவந்த குழந்தை இதுதானே அக்கா?" என்று கேட்டார் கோங்.

"நான் கொண்டுவந்தது இதுதான். சந்தேகமே இல்ல."

கூட்டம் ஆர்ப்பரித்தது. மிங் காலத்துக் காவலர்கள் ஈட்டியைத் தரையில் தட்டினார்கள். ஷெங் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் மணியுமாக மண்டபத்தைச் சுற்றிவந்தான். டிங், டிங், டிங் என்று அடித்துக்கொண்டே வந்தான்.

"பாருங்க டைரக்டர்! சாயம் பூசினாலும் பட்டு சுத்தினாலும் பெத்தவனுக்குத் தெரியும். இதைத்தான் நான் ஆரம்பத்துலேருந்து சொல்றேன். உலகத்துல எந்தத் தகப்பனும் ஏமாற மாட்டான். நம்ப முடியாது!"

கோங் பெருமூச்சு விட்டு ஷுலானைப் பார்த்தார். அவள் கையிலிருந்த தாள்களை இரண்டாகக் கிழித்தாள். பிறகு படியில் உட்கார்ந்து, வெறும் குடுவையைத் திறந்து குடித்தாள். எத்தனையோ வீடுகளை அழவைத்தவளின் கண் ஓரத்தில் ஈரம் தெரிந்தது. ஷெங்குக்கு அதைப் பார்த்துக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

"மனசுல வச்சுக்காதீங்க மேடம்" என்றான் பெருந்தன்மையாக. "இது படிச்சு வர்ற விஷயம் இல்ல. பாசம். உள்ளேருந்து ஏதோ ஒண்ணு சொல்லும்."

"ஆஃபீஸுக்குச் சொல்லிடறேன், கதை மாறுதுன்னு" என்று கோங் போனை எடுத்தார்.

ஷெங்கும் தன் போனைத் திரும்ப வாங்கினான். வீடியோ அருமையாக வந்திருந்தது. அவன் பாய்வதும், வாரியெடுப்பதும், காதும் மூக்கும் ரத்தமும், எல்லாம் தெளிவாக இருந்தன. இதைப் பார்த்தால் நிங்யு முதலில் காற்றுப் பட்டதற்குக் கத்துவாள். பிறகு உருகிவிடுவாள். விருந்துக்கு வராத குறையெல்லாம் இதோடு தீரும். அனுப்பிவிடுவதுதான் சரி. மனைவியின் பெயரைத் தேடி எடுத்து விரலை நீட்டினான்.

ஃபாங் அக்கா பாய்ந்துவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஐயோ, அதை மட்டும் அனுப்பிடாதீங்க தம்பி," என்றார், ஷுலானும் கோங்கும் திரும்பிப் பார்க்கும்படி, "வேர்க்கடலை காலையிலேருந்து அவங்கம்மா பக்கத்துலதான் தூங்கிட்டிருக்கான், இது கீழ் மாடி ஹௌ வீட்டுப் பிள்ளை, அதைத் தூக்கி வச்சுக்கிட்டு என் மூக்கு, என் ரத்தம்னு இப்படி ஊரைக் கூட்டிக் கத்தியிருக்கீங்களே, அந்த வீட்டுக்காரர் பார்த்தா அந்தப் பொண்ணு கதி என்ன ஆகும்?"